வெறுமையும் வெறுமையாக்கப்பட்டதும்: ஸ்பெயினின் ஆற்றிடுக்கு வீதிகளில் ஒரு சைக்கிள் வரலாறு

2016 ஆகஸ்ட் 25. ஸ்பெயினைச் சுற்றி வருகிற வுவெல்ட்டா சைக்கிள் போட்டியின் ஆறாவது கட்டம், வடமேற்கே கலீசியா மாநிலத்தில் மொன்போர்ட்டே தே லேமோஸ் எண்ட ஊரில் தொடங்கி, லுயிந்த்ரா எண்ட சின்னக் கிராமத்தில் முடிகிறது. 163 கிலோமீற்றர். கடைசியில் தனியாகப் பாய்ந்து வந்து வெல்கிறவர் இங்கிலாந்துக்காரரான சைமன் யேட்ஸ். இந்தக் கட்டத்தின் காணொளியை நாங்கள் கன வருடம் கழித்துத்தான் பார்த்தோம். போட்டியை விட எங்களைப் பிடித்து வைத்தது ஹெலிகொப்டரிலிருந்து எடுத்த காட்சிகள்தான். ஸில் ஆறு. இரண்டு பக்கமும் ஐந்நூறு மீற்றர் வரைக்கும் செங்குத்தாக எழும்புகிற பாறை. அடியில் ஆடாமல் அசையாமல் கிடக்கிற பச்சைத் தண்ணீர். பாறையின் விளிம்பில் நூல் மாதிரி ஒரு வீதி, அதில் எறும்பு வரிசையாய் சைக்கிள்கள்.

எங்களில் ஒருவர் சொன்னார்: "என்ன வடிவு! ஒரு சனமும் இல்லை."

அந்த நேரம் நாங்கள் எல்லாரும் தலையாட்டினோம். பிறகுதான் அந்த வசனம் உறுத்தத் தொடங்கியது. வடிவும் சனமில்லாமையும் ஏன் ஒரே மூச்சில் வருகுது? அங்கே சனம் எப்பவுமே இருக்கவில்லையா, அல்லது இருந்து போனதா? அந்த வீதியை ஆர் போட்டது, எதுக்குப் போட்டது? இந்தக் கட்டுரை அந்தக் கேள்விகளின் பின்னால் நாங்கள் போன வழி. போட்டியின் வெற்றி தோல்விக் கணக்கை இதில் எதிர்பார்க்க வேண்டாம். சைக்கிளும் வீதியும் ஆறும் ஒன்றையொன்று சந்திக்கிற இடங்களில் ஸ்பெயினின் இருபதாம் நூற்றாண்டு எப்படித் தெரிகிறது எண்டதுதான் எங்கட அக்கறை.

அமைதியான தண்ணீர்

முதலில் அந்தப் பச்சைத் தண்ணீர். காணொளியில் அது காலம் காலமாக அப்படியே கிடக்கிற ஆறு போலத் தெரியும். உண்மையில் அது ஒரு நீர்த்தேக்கம். 1950களில் சான்ரோ எஸ்தேவோ எண்ட இடத்தில் ஆற்றுக்குக் குறுக்கே கட்டிய நீர்மின் அணைதான் ஸில்லை அப்படி நிறுத்தி வைத்திருக்கிறது. அதுக்கு முதல் இடுக்கின் அடியில் ஓடினது வேகமான, சத்தம் போடுகிற ஒரு மலையாறு. இண்டைக்கு உல்லாசப் பயணிகளை ஏற்றிக்கொண்டு படகுகள் மெதுவாகப் போகிற அந்த அமைதி, ஏறத்தாழ எழுபது வயதான ஒரு தொழிற்சாலைத் தயாரிப்பு எண்டு சொல்லலாம்.

இந்த ஆற்றில் மனிதர் கை வைத்தது அதுதான் முதல் தடவை எண்டும் இல்லை. மேற்பக்கம் மொன்தேஃபுராதோ எண்ட இடத்தில் றோமர் ஒரு மலையையே துளைத்து ஸில்லைத் திருப்பி விட்டார்கள். ஆறு பழைய வழியால் போகாமல் சுரங்கத்தால் போக, காய்ந்த படுக்கையில் பொன் அரித்தார்கள். அந்த ஊரின் பெயருக்கே "துளைத்த மலை" எண்டுதான் பொருள். மத்திய காலத்தில் துறவிகள் வந்து இடுக்கின் விளிம்பில் மடாலயங்கள் கட்டினார்கள். பாறைச் சரிவில் கல் அடுக்கிப் படிப்படியாகத் திராட்சைத் தோட்டம் வைத்தார்கள். உழவு மாடும் ஏற முடியாத, இண்டைக்கும் மெசின் போக முடியாத சரிவு அது. கூடையைத் தோளில் சுமந்துதான் இப்பவும் அறுவடை. அங்கத்தையச் சனம் இதை "வீரத் திராட்சைச் செய்கை" எண்டு அழைக்கிறது, அதில் கொஞ்சம் பெருமையும் கொஞ்சம் விளம்பரமும் இருக்கு.

இந்த நிலத்தில் சைக்கிள் ஓடுவது எப்படி எண்டதையும் சொல்ல வேண்டும். ஊர்கள் எல்லாம் மேலே மேட்டில். ஆறு கீழே பள்ளத்தில். ஒரு கரையிலிருந்து மற்றக் கரையிலுள்ள ஊர் கண்ணுக்கு முன்னாலேயே தெரியும், கூப்பிட்டால் கேட்கும் போல இருக்கும். ஆனால் போக வேண்டுமெண்டால் கொண்டை ஊசி வளைவுகளால் அடிவரை இறங்கி, பாலத்தைக் கடந்து, அதே அளவு திரும்ப ஏற வேண்டும். சமதரை எண்டு ஒன்று கிடையாது. சைக்கிள்காரருக்கு இது ஒரு நாள் சோதனை. அங்கே பிறந்தவருக்குப் பள்ளிக்கூடம், வைத்தியர், சந்தை எல்லாமே அந்தப் பள்ளத்துக்கு அந்தப் பக்கம். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு கதையைத் தொடருவோம்.

1935: ஒரு பத்திரிகை நாட்டைச் சுற்றுகிறது

வுவெல்ட்டா பிறந்தது 1935இல். பிரான்சிலும் இத்தாலியிலும் நடந்தது போலவே இங்கேயும் ஒரு பத்திரிகைதான் போட்டியைத் தொடங்கியது. பத்திரிகையின் பெயர் இன்ஃபோர்மாசியோனெஸ், வலதுசாரி நாளேடு. அதன் ஆசிரியர் குவான் புஹோல். ஏப்ரல் 29ஆம் திகதி மட்ரிட்டில் 50 பேர் புறப்பட்டார்கள். 14 கட்டம், 3,400 கிலோமீற்றருக்கு மேல். சராசரியாக ஒரு கட்டம் 240 கிலோமீற்றரைத் தாண்டும். பெரும்பாலும் தூசியும் கல்லுமான வீதிகள். மே 15ஆம் திகதி திரும்பவும் மட்ரிட்டுக்கு வந்து சேர்ந்தவர்கள் 29 பேர். வென்றவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த குஸ்ராஃப் டெலோர், இரண்டாவது இடம் கட்டலோனியாவில் வளர்ந்த மரியானோ கன்யார்தோவுக்கு.

பாதையைப் பார்த்தால் ஒரு விடயம் விளங்கும். வய்யதோலித், சன்ரன்டேர், பில்பாவோ, சரகோசா, பார்சிலோனா, வலென்சியா, கிரனடா, செவில், கசேரெஸ், சமோரா என நகரத்திலிருந்து நகரத்துக்குத்தான் கோடு இழுத்திருக்கிறார்கள். பத்திரிகை விற்கிறது நகரங்களில். போட்டி ஊர்களைத் தாண்டிப் போகும், ஊர்களில் நிற்காது. கலீசியா அந்த முதல் கோட்டுக்குள் வரவேயில்லை, ஸில் இடுக்கும் இல்லை. நாட்டைச் சுற்றுவது எண்ட பெயரே ஒரு அரசியல் கோரிக்கை. எது நாடு, எது நாட்டின் ஓரம் எண்டு அந்தக் கோடு தீர்மானிக்கிறது.

காலமும் சாதாரண காலமில்லை. அதுக்கு ஆறு மாதம் முதல், 1934 ஒக்ரோபரில், அஸ்தூரியாஸ் சுரங்கத் தொழிலாளரின் எழுச்சியை இராணுவம் நசுக்கியிருந்தது. 1936 பெப்ரவரியில் மக்கள் முன்னணி தேர்தலில் வென்றது. அந்த மே மாதம் இரண்டாவது வுவெல்ட்டா நடந்தது. திரும்பவும் குஸ்ராஃப் டெலோர் முதலிடம், அவரின் அண்ணன் அல்ஃபொன்ஸ் இரண்டாமிடம். யூலையில் படைத்தளபதிகள் குடியரசுக்கு எதிராகக் கிளம்பினார்கள். போட்டியைத் தொடக்கி வைத்த புஹோல் கலகக்காரரின் பக்கம் போய், பூர்கோசில் அவர்களின் பத்திரிகை, பிரச்சார அலுவலகத்தைப் பொறுப்பெடுத்தார். முதல் வுவெல்ட்டாவில் ஏழாவது கட்டம் முடிந்த தொர்தோசா எப்ரோ ஆற்றங்கரை நகரம். மூன்று வருடம் கழித்து, 1938இல், அதே எப்ரோ ஆற்றின் கரைகளில்தான் அந்தப் போரின் மிக நீண்ட சமர் நடந்தது. யூலையில் தொடங்கி நவம்பர் வரை.

பெரென்டெரோ எண்ட ஒருவர்

போர் வெடித்த நாட்களில் சில ஸ்பானிய ஓட்ட வீரர்கள் பிரான்சில் ரூர் போட்டியில் ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் யூலியான் பெரென்டெரோ. கறுத்த முகமும் நீலக் கண்ணுமான அவர் அந்த வருட ரூரில் மலை அரசர் பட்டத்தை வென்றார். வென்று விட்டுத் திரும்பிப் போக வீடு இல்லை. போர் முடியும் வரை பிரான்சிலேயே இருந்து ஓடினார். 1939இல் நாடு திரும்பினார். எல்லையிலேயே கைது. ஏறத்தாழ ஒன்றரை வருடம் பிராங்கோவின் தடுப்பு முகாம்களில் கிடந்தார்.

1941இல் புதிய ஆட்சி வுவெல்ட்டாவைத் திரும்பத் தொடங்கியது. உலகப்போர் நடக்கிறது, வெளிநாட்டுக்காரர் மிகக் குறைவு, நாடே பட்டினி. அந்தப் போட்டியை வென்றவர் ஆர் தெரியுமா? முகாமிலிருந்து வெளியே வந்த பெரென்டெரோ. 1942இலும் அவரே.

இதை ஒரு வெற்றிக் கதையாக எழுதுவது லேசு. சிறையிலிருந்து மேடைக்கு எண்டு தலைப்புப் போடலாம். ஆனால் நாங்கள் அதை வாசிக்கிறபோது வேறு விதமாகப் பட்டது. ஆட்சிக்கு அவர் தேவைப்பட்டார். நாடு "வழமைக்குத் திரும்பி விட்டது" எண்டு காட்ட ஒரு போட்டி வேண்டும், போட்டிக்கு நல்ல ஓட்டக்காரர் வேண்டும். அடைத்து வைத்தவரையே ஓட விட்டு, கை தட்டி, மாலை போடுவது ஒரு அதிகார உத்தி. அவருக்கு ஓடுவதைத் தவிர வேறு தொழில் இல்லை. வழமை எண்டதை இப்படித்தான் அரங்கேற்றுவார்கள். முதலில் ஒரு விளையாட்டு விழா, பிறகு மெதுவாக மறதி.

விழாவும் ஒழுங்காக நடக்கவில்லை எண்டது வேறு கதை. 1943, 1944 போட்டி இல்லை. 1945இல் ஒரு கத்தோலிக்க நாளேடு எடுத்து நடத்தியது, 1949இல் இல்லை, 1950க்குப் பிறகு நான்கு வருடம் இல்லை. 1955இலிருந்துதான் ஒவ்வொரு வருடமும் நடக்கிறது. நாட்டிடம் றப்பர் இல்லை, பெற்றோல் இல்லை, சாப்பாடு இல்லை.

பசியின் சைக்கிள்

சாப்பாடு இல்லாத அந்த வருடங்களுக்கு ஸ்பெயினில் "பசி வருடங்கள்" எண்டே பெயர். 1939 முதல் 1952 வரை பங்கீட்டு அட்டை இருந்தது. அட்டைக்குக் கிடைக்கிறது போதாது. மிச்சம் கள்ளச் சந்தை. அந்தக் கள்ளச் சந்தைக்கு சனம் வைத்த பெயர் "எஸ்ட்ராபெர்லோ". இந்தச் சொல் வந்த கதை ஒரு பகிடி: ஸ்ட்ராவுஸ், பெர்லோவிட்ஸ் எண்டவர்களின் பெயர்களை ஒட்டி "ஸ்ட்ராபெர்லோ" எண்டு ஒரு சூதாட்டச் சக்கரம் கொண்டு வந்தார்கள். ஏமாற்றுச் சக்கரம். அதை அனுமதிக்க அரசியல்வாதிகள் கையூட்டு வாங்கினது 1935இல் வெளிவந்து, அரசாங்கத்தையே ஆட்டி விட்டது. முதல் வுவெல்ட்டா நடந்த அதே வருடம். ஒரே வருடத்தில் நாட்டுக்கு இரண்டு சக்கரங்கள் அறிமுகமாகின, பசி வந்தபோது இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து விட்டன.

எப்படியெண்டால், கள்ளச் சந்தைச் சாமானை ஊரிலிருந்து நகரத்துக்குக் கொண்டு போனது பெரும்பாலும் கால்நடையும் ரயிலும் சைக்கிளும்தான். டொலேடோ நகரத்தை மூன்று பக்கமும் தாஹோ ஆறு ஆழமான பாறை இடுக்காகச் சுற்றி ஓடுகிறது. அந்த நகரத்துச் சந்தையில் வேலை செய்த ஒரு மெலிந்த பெடியன், 1928இல் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவன், பழைய சைக்கிளில் மாவும் தானியமும் கட்டிக்கொண்டு ஊருக்கு ஊர் மிதித்தான். சுமையோடு மேட்டில் ஏற வேண்டும். காவலரிடம் பிடிபடாமல் இருக்க வேகமாகவும் ஏற வேண்டும். பெயர் ஃபெடரிக்கோ பஹமொண்டெஸ். 1954இல் முதல் தடவையாக ரூருக்குப் போய் மலை அரசரானார். அந்தப் பட்டத்தை மொத்தம் ஆறு தடவை வென்றார். 1959இல் ரூரையே வென்ற முதல் ஸ்பானியர் ஆனார். 2023 ஆகஸ்ட்டில், 95 வயதில் காலமானார்.

அவரைப் பற்றி எல்லாரும் சொல்லுகிற ஒரு கதை உண்டு: 1954 ரூரில் ஒரு மலையுச்சிக்கு எல்லாருக்கும் முதல் ஏறி, நின்று ஐஸ்கிறீம் சாப்பிட்டாராம். அதைத் திமிர் எண்டவர்கள் இருக்கினம், சைக்கிள் பழுதாகி உதவி வாகனத்துக்குக் காத்து நின்றார் எண்டவர்களும் இருக்கினம். எங்களுக்கு அந்தக் கதையில் பட்டது வேறொன்று. இறக்கத்தில் அவருக்குப் பயம் எண்டதை அவரே மறைத்ததில்லை. ஏறுவதில் உலகத்திலேயே முதலாள், இறங்குவதில் தயங்குகிறவர். சுமையோடு ஏறிப் பழகின உடம்பு அது. பசி அவரை மலையேறியாக்கியது எண்டு சொன்னால் அது பசியைப் புகழ்ந்தது போலாகி விடும். பஹமொண்டெஸ் ஒருவர்தான் ரூரை வென்றார். அதே வீதியில் அதே சுமையோடு மிதித்த ஆயிரக்கணக்கானோர் வெறும் காலோடும் வெறும் வயிற்றோடும்தான் நின்றார்கள்.

1959 வெற்றிக்குப் பிறகு பிராங்கோ அவரை வரவேற்றார். அதே வருடம்தான் ஆட்சி பொருளாதார "உறுதிப்படுத்தல் திட்டத்தை" அறிவித்தது. சந்தை திறந்தது. ஊர்களிலிருந்து சனம் நகரத்துக்கும் பிரான்சுக்கும் ஜேர்மனிக்கும் போகத் தொடங்கியது.

தவளைப் பாக்கோ

சனம் போனதுக்கு வறுமை மட்டும் காரணமில்லை. தண்ணீரும் காரணம். சர்வாதிகாரம் மிக விரும்பின படம் அணைத் திறப்பு விழா. திரையரங்குகளில் படத்துக்கு முதல் கட்டாயம் ஓடின நோ-தோ செய்திச் சுருளில் பிராங்கோ அடிக்கடி ஏதாவது ஒரு அணைக்கட்டில் நின்று கொண்டிருப்பார். சனம் அவருக்குப் "பாக்கோ ரானா" எண்டு பட்டம் வைத்தது. பாக்கோ எண்டது பிரான்சிஸ்கோவின் செல்லப்பெயர், ரானா எண்டால் தவளை. எங்கே தண்ணீர் நிற்குதோ அங்கே பாய்வாராம்.

பகிடிக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான நீர்த்தேக்கங்கள். அணை கட்ட ஆழமான, ஒடுங்கிய இடுக்குத்தான் தோதான இடம். அதாவது சைக்கிள்காரரும் கமராவும் தேடிப் போகிற அதே இடம். அணைக்குச் சீமெந்தும் இரும்பும் மெசினும் கொண்டு போக வீதி வேண்டும். பல நூற்றாண்டாகக் கழுதைப் பாதையோடு இருந்த மலைக்கு வீதி வந்தபோது, அந்த வீதி பெரும்பாலும் அங்கே இருந்த சனத்துக்காக வரவில்லை. வீதி வந்தது, ஊர் போனது. ஸில்லுக்குப் பக்கத்தில் மின்யோ ஆற்றில் 1960களில் பெலேசார் அணை எழும்பியபோது போர்த்தோமரின் எண்ட பழைய நகரம் தண்ணீருக்குள் போனது. கோட்டை போலிருந்த அதன் தேவாலயத்தைக் கல்லுக் கல்லாகக் கழற்றி, இலக்கம் போட்டு, மேட்டில் திரும்பக் கட்டினார்கள். கோடையில் நீர் வற்றினால் பழைய வீடுகளின் அடித்தளங்கள் இப்பவும் வெளியே தெரியும். கல்லுக்கு இலக்கம் போட்டவர்களிடம் வயலுக்கும் தோட்டத்துக்கும் போட ஒரு இலக்கம் இருக்கவில்லை.

இதிலும் கொடுமையான கதை, தண்ணீர் வராத ஊரின் கதை. பிரெனீஸ் மலைச்சாரலில் ஆரா எண்ட ஆறு. அதன் கரையில் ஹானோவாஸ் எண்ட ஊர். அணை வரப்போகுது எண்டு நிலத்தைச் சுவீகரித்தார்கள். 1960களில் சனத்தைக் கிளப்பத் தொடங்கினார்கள். வெறுமையான வீடுகளை வெடி வைத்துத் தகர்த்தார்கள், போனவர்கள் திரும்பி வரக்கூடாது எண்டதுக்காக. கடைசிக் குடும்பம் 1984 வரை தாக்குப்பிடித்து நின்றது. பிறகு அதுவும் போனது. அணை? அது வரவேயில்லை. 2001இல் சூழல் பாதிப்பைக் காரணம் காட்டித் திட்டத்தைக் கைவிட்டார்கள். ஆரா இண்டைக்கும் பெரிய அணை இல்லாமல் ஓடுகிற மிகச் சில பிரெனீஸ் ஆறுகளில் ஒன்று. அந்த ஆற்றோடு போகிற வீதி சைக்கிள்காரருக்கு விருப்பமான வீதி. இடிந்த ஊரை அவர்கள் மிதித்துக் கடக்கிறார்கள். பழைய சனத்தின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வந்து, ஒவ்வொரு வீடாகக் கல் அடுக்கித் திருத்திக்கொண்டிருக்கினம்.

எல்லாப் பழியையும் சர்வாதிகாரத்தின் தலையில் போட்டு விட்டு நிம்மதியாக இருக்கவும் ஏலாது. எஸ்லா ஆற்றின் ரியான்யோ பள்ளத்தாக்கு ஊர்களை இடித்துத் தண்ணீரை அடைத்தது 1987இல். பிராங்கோ செத்துப் பன்னிரண்டு வருடம். தேர்தலில் வென்ற ஜனநாயக அரசாங்கம், காவலரை அனுப்பிச் சனத்தைக் கூரைகளிலிருந்து இறக்கியது. திட்டம் பழைய ஆட்சியினுடையது, முடித்து வைத்தது புதிய ஆட்சி. "அபிவிருத்தி" எண்ட சொல் ஆட்சி மாறும்போது தானும் சேர்ந்து மாறுவதில்லை.

அரிவாள் எண்ட பெயருள்ள இடுக்கு

கிழக்கே குவென்கா மலைநாட்டில் ஆற்றிடுக்கை "ஓஸ்" எண்டு அழைக்கிறார்கள். அந்தச் சொல்லுக்கு அரிவாள் எண்டும் பொருள். சுண்ணாம்புப் பாறையை ஆறு அரிவாள் வளைவாக அறுத்துக்கொண்டு போகும். பிரியேகோ எண்ட ஊருக்குப் பக்கத்தில் எஸ்காபாஸ் ஆறு அப்படி ஒரு இடுக்கால் வெளியே வருகிறது. ஆற்றங்கரையில் கூடை பின்னுகிற பிரம்பு போன்ற ஒரு செடியைப் பயிரிடுவார்கள். குளிர்காலத்தில் இலை உதிர்ந்து, வயல் முழுக்கச் சிவப்பாக நிற்கும். அந்த இடுக்கு வழியாகப் போகிற மலை வீதி இண்டைக்குச் சைக்கிள்காரர் வாயில் அடிபடுகிற வீதி.

அந்தப் பிரியேகோவில் 1945இல் பிறந்தவர் லூயிஸ் ஒக்கான்யா. வறுமையான குடும்பம். சின்ன வயதிலேயே குடும்பம் வேலை தேடி வடக்கே போய், பிறகு எல்லையைத் தாண்டித் தென்மேற்குப் பிரான்சில் குடியேறியது. அவர் தச்சு வேலை பழகினார், சைக்கிள் ஓடினார். 1970இல் வுவெல்ட்டாவை வென்றார். 1971 ரூரில், அந்தக் காலத்தில் ஆரும் அசைக்க ஏலாத எடி மேர்க்ஸை ஒரே நாளில் எட்டு நிமிடத்துக்கு மேலாகப் பின்தள்ளினார். மஞ்சள் சட்டையோடு இருக்கும்போது, யூலை 12ஆம் திகதி, புயல் மழையில் மாந்தே மலை இறக்கத்தில் விழுந்து, வைத்தியசாலைக்குப் போனார். 1973இல் திரும்பி வந்து கால் மணித்தியாலத்துக்கு மேல் வித்தியாசத்தில் ரூரை வென்றார். 1994இல், 48 வயதில் இறந்தார்.

பிரான்சில் அவர் "மொன்-த-மர்சான் ஸ்பானியன்". ஸ்பெயினில் "பிரெஞ்சுக்காரன்". இரண்டு நாட்டுக்கும் வெற்றி வேண்டும், ஆள் முழுதாக வேண்டாம். புலம்பெயர்ந்தவர் ஆருக்கும் இதை விளக்கத் தேவையில்லை.

அவர் ஒருவர் போன கதை தெரியும், அவர் வென்றதால். மிச்சப் பேர்? 1950இல் குவென்கா மாகாணத்தின் சனத்தொகை மூன்று இலட்சத்து முப்பதாயிரத்துக்கு மேல். இண்டைக்கு ஏறத்தாழ இரண்டு இலட்சம். நாட்டின் மொத்தச் சனத்தொகை இதே காலத்தில் நன்றாகக் கூடியிருக்கிறது எண்டதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த இலக்கத்தின் பாரம் விளங்கும். சைக்கிள்காரர் புகழுகிற "வாகனமே இல்லாத அருமையான வீதி" எண்டது இந்தக் கணக்கின் மறுபக்கம். வாகனம் இல்லாதது ஓட்ட ஆள் இல்லாததால்.

லுயிந்த்ராவுக்குத் திரும்ப

இப்ப தொடங்கின இடத்துக்கு வருவோம். சைமன் யேட்ஸ் கோட்டைக் கடந்த லுயிந்த்ரா, நொகெய்ரா தே ரமுயின் எண்ட பிரதேசத்தின் தலைமை ஊர். இந்தப் பிரதேசத்துக்குச் "தீப்பொறி நிலம்" எண்டு ஒரு பட்டப்பெயர் உண்டு. காரணம் அங்கத்தைய ஆண்களின் பரம்பரைத் தொழில், சாணை பிடிப்பது. பாறைச் சரிவு எல்லாருக்கும் சோறு போடாது. ஆகவே மரச்சட்டத்தில் பொருத்தின பெரிய சக்கரத்தை உருட்டிக்கொண்டு, கத்தி கத்தரிக்கோல் தீட்ட அவர்கள் ஊர் ஊராகப் போனார்கள். ஸ்பெயின் முழுக்க, பிறகு கடல் தாண்டி அமெரிக்கக் கண்டத்துக்கும். வருகிறதை அறிவிக்க ஒரு சின்னக் குழல் ஊதுவார்கள். வெளியாருக்கு விளங்காத "பரல்யேட்டே" எண்ட தொழில் மொழியும் அவர்களுக்குள் இருந்தது.

இருபதாம் நூற்றாண்டில் அந்த மரச்சக்கரத்தின் இடத்துக்குச் சைக்கிள் வந்தது. சைக்கிளை நிறுத்தித் தாங்கியில் ஏற்றி, மிதித்தால் பட்டி வழியாகச் சாணைக்கல் சுற்றும். கல் நிற்க, அதே சைக்கிளில் அடுத்த தெருவுக்கு மிதித்துப் போகலாம். ஒரே மிதி, பயணமும் பிழைப்பும்.

போட்டிச் சைக்கிள் லுயிந்த்ராவுக்கு வந்தது 2016இலும், பிறகு 2018இலும். 2018இல் அங்கே வென்றவர் இத்தாலியரான அலெசான்ட்ரோ தே மார்க்கி. ஆனால் சைக்கிள் லுயிந்த்ராக்காரரை ஊரை விட்டுக் கொண்டு போகத் தொடங்கி அதுக்கு முதலே கன காலம். ஒரு வகைச் சைக்கிள் போனவர்களின் சைக்கிள், மற்றது வருகிறவர்களின் சைக்கிள்.

2016இல், அந்தக் கட்டம் நடந்த அதே வருடம், சேர்ஹியோ தெல் மொலினோ எண்ட எழுத்தாளர் "வெறுமையான ஸ்பெயின்" எண்டு ஒரு புத்தகம் வெளியிட்டார். நாட்டின் உட்பகுதி எப்படிக் காலியானது எண்டது பற்றி. அந்தச் சொல் நாடு முழுக்கப் பரவியது. பரவின பிறகு ஊர்ச்சனம் அதில் ஒரு திருத்தம் செய்தது. "வெறுமையான" எண்டால் அது தானாக அப்படி இருக்கிறது போலக் கேட்குது. நாங்கள் "வெறுமையாக்கப்பட்ட ஸ்பெயின்". ஸ்பானிய மொழியில் இரண்டே எழுத்து வித்தியாசம், "வாசியா" எண்டது "வாசியாதா" ஆகிறது. அந்தப் பெயரோடு 2019 மார்ச் 31ஆம் திகதி பல்லாயிரக்கணக்கானோர் மட்ரிட் வீதிகளில் ஊர்வலம் போனார்கள். ரயில், வைத்தியர், பள்ளிக்கூடம், இணையம் வேண்டுமெண்டு கேட்டார்கள். அதே வருடம் நவம்பரில் "தெருவேல் இருக்கிறது" எண்ட ஊர் இயக்கம் நாடாளுமன்றத்தில் ஒரு ஆசனம் பிடித்தது. இயக்கத்தின் பெயரை ஒருக்கால் திரும்ப வாசித்துப் பாருங்கோ. தாங்கள் இருக்கிறம் எண்டதையே கோரிக்கையாக வைக்க வேண்டிய நிலை.

அப்ப சைக்கிள்காரர் அங்கே போகக் கூடாதா? நாங்கள் அப்படிச் சொல்ல வரவில்லை. போட்டி வருவதற்காக உள்ளூர் சபைகள் காசு கொடுத்துக் காத்திருக்கின்றன. பூட்டியிருந்த வீடு விருந்தினர் விடுதியாகத் திறக்கிறது, கோப்பிக்கடை ஒன்று மிஞ்சுகிறது, திராட்சைத் தோட்டத்துக்கு வைன் வாங்க ஆள் வருகுது. ஊரில் மிஞ்சினவர்களுக்கு அது சின்ன விடயமில்லை. கவலை வேறு. உல்லாசப் பயணத்துக்கு வேண்டியது வெறுமைதான், சத்தமில்லாத வீதி, ஆளில்லாத மலை. ஊருக்கு வேண்டியது ஆள். வெறுமையை விற்றுச் சனத்தைத் திரும்பக் கூப்பிட ஏலுமா எண்டது அந்த ஊர்களே இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கிற கேள்வி. தூரத்தில் இருந்து காணொளி பார்க்கிற நாங்கள் அதுக்குத் தீர்ப்புச் சொல்ல ஏலாது.

எங்களால் செய்யக்கூடியது ஒன்று இருக்கு. அந்தக் காணொளியை நாங்கள் திரும்பவும் பார்த்தோம். பச்சைத் தண்ணீர் வந்தபோது, அதுக்குக் கீழே பழைய ஆற்றங்கரை கிடக்குது எண்டு தெரிந்தது. படிக்கட்டுத் தோட்டங்களில் பாதி காடாகிப் போனதும் இந்த முறை கண்ணில் பட்டது. கடைசி ஏற்றத்தில் வீதியோரம் சனம் நின்று கத்துகிறது. போன முறை நாங்கள் அவர்களைப் பார்க்கவேயில்லை, ஓட்டக்காரரைத்தான் பார்த்தோம். வயதானவர்கள், வெயிலுக்குக் கதிரை போட்டு இருக்கிறவர்கள், கோடை விடுமுறைக்கு நகரத்திலிருந்து வந்த பேரப்பிள்ளைகள்.

"ஒரு சனமும் இல்லை" எண்டு அண்டைக்குச் சொன்னவர், இந்த முறை காணொளியை நிற்பாட்டி அவர்களை எண்ணத் தொடங்கினார்.